கொச்சியில் அடித்த கொண்டல்

கொச்சி,
ஆவணி 14.

மதினிக்கு,

வெள்ளைத்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால், "எனக்கென்ன கேடு?" என்பீர்கள். அதனால் கேட்காமல் மேலே போகிறேன்.

போன் போட்டுப் பேசச் சொன்னான் இசக்கிராஜா. "ஏலே, உங்க அத்தைக்குக் காது அடைச்சு எத்தனை வருசமாச்சு? பக்கத்து வீட்டு யோகலட்சுமி போன்ல நான் கத்த, அவ உங்க அத்தை காதுல கத்த, எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கவனெல்லாம் பதில் சொல்லுவான்" என்றேன். மகன் சிரித்துவிட்டுத் தபால் உறை வாங்கி வந்து கொடுத்தான்.

கடிதம் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் ஊரிலிருந்து கிளம்பிய அன்றைக்கு நீங்கள் வாசலுக்கு வரவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அந்த வெயிலில் எந்த மரத்தில் குழை இருந்தது என்று நான் கேட்கவில்லை. கோபம் என்று எனக்குத் தெரியும், உங்கள் தம்பிக்கும் தெரியும். "நான் சொல்லுத வரைக்கும் விதைப் பானையத் தொடாத" என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம்தான். அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் புஞ்சையை உழுது விதைத்தது நீங்கள். ஆனால் போன வருஷம் நீங்கள் மழைக்கு முந்தி விதைத்து முக்கால்வாசியை எறும்புக்குக் கொடுத்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. மிச்சம் இருப்பது அந்த ஒரு பானை உளுந்து. அதுவும் போனால் நம் வீட்டு விதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, கடை விதைதான். அந்தப் பயத்தில் வாய் தவறிவிட்டது. அவர் இதைச் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

இனி இங்கத்துச் சேதி. மதினி, இங்கே மழை பெய்கிறது.

இந்த ஒரு வரியோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நாம் ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொல்வோம். இங்கே எத்தனை உழவு என்று சொல்வதற்கு மண்ணே கண்ணில் படவில்லை. வந்த நாளிலிருந்து சூரியனைப் பார்க்கவில்லை. காலை எது, மத்தியானம் எது என்று பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடம் போய்வருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவ்வளவு மழையிலும் யாரும் ஓடவில்லை. குடையை விரித்துக்கொண்டு கறிவேப்பிலை வாங்கப் போகிறார்கள். நம் ஊரில் இதில் கால்வாசி பெய்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்ப்போம்.

வீடு ஒன்பதாவது மாடி. பால்கனியில் நின்றால் தென்னை மரங்களுக்கு அப்பால் கடல். உங்கள் தம்பி காலையில் அங்கே நாற்காலியைப் போட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார். கண்ணாடிக் கதவில் வழிகிற தண்ணீரை, வைப்பர் போடுகிற மாதிரி, கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைக்கிறார். "கோவில்பட்டி டெப்போல வைப்பர் ரிப்பேருன்னு எழுதிக் கொடுத்தா சிரிப்பான். அடுத்த வருசம் பாப்போம்பான்" என்கிறார். கோயிலுக்குள் நிற்கிறவர் மாதிரி இருக்கிறார்.

நான் முதல் நாளே எல்லாப் பாத்திரத்தையும் பால்கனியில் வைத்துவிட்டேன். நம் ஊர் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் நாம் பாடுபடுவது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு நல்ல தண்ணீர் வீணாகப் போகிறதைப் பார்க்க மனம் கேட்குமா? வேலைக்குப் போயிருந்த மருமகள் பானு வந்து பார்த்தாள். "அத்தே, இட்லிச் சட்டியிலயும் தண்ணி, குக்கர்லயும் தண்ணி. ராத்திரிக்குச் சமைக்க ஒரு பாத்திரம் மிச்சம் வைக்கலியே!" என்றாள். குழாயைத் திறந்து காட்டினாள். அதிலும் நல்ல தண்ணீர்தான் வருகிறது. அப்படியும் எனக்குக் குழாய்த் தண்ணீரில் பருப்பு வைக்க மனம் இல்லை. மழைத் தண்ணீரில் வைத்தேன். ரெண்டு விசிலில் வெண்ணெய்.

கொண்டுவந்த கடலைமிட்டாய் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நம் ஊர்த் தீப்பெட்டி நமத்துப்போய், விளக்கேற்றப் பாதிப் பெட்டியை உரச வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தால் ஒரே வாரத்தில் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பானு நல்ல பிள்ளை. ஆனால் சாமி விளக்கைத் திசை தெரியாமல் வைத்திருந்தாள். நான் கிழக்கே பார்த்துத் திருப்பி வைத்தேன். "அத்தே, கடலு வந்து..." என்று என்னவோ ஆரம்பித்தாள். "கடல் இருக்க பக்கம் கிழக்குன்னு எனக்கு நீ சொல்லணுமாக்கும்?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கடலிலிருந்துதான் மழை வருகிறது. கொண்டல் அடிக்கிறது மதினி! நம் ஊருக்கு ஐப்பசியில் கிழக்கேயிருந்து மழை கொண்டுவருகிற கொண்டல் காற்று, இங்கே ஆவணியிலேயே வந்துவிட்டது. மேகம் கடலில் எழும்பி, மாட்டு மந்தை மாதிரி இடித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போகிறது. "இம்புட்டு மேகமும் எங்க போயி இறங்குமோ" என்றார் உங்கள் தம்பி. நம் பக்கம்தான் என்று என் மனதில் படுகிறது.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் இன்னொரு கடிதம் வரும்.

வெள்ளைத்தாய்


நாச்சியார்பட்டி,
ஆவணி 23.

வெள்ளைத்தாய்க்கு,

கடிதம் வந்தது. குழை ஒடிக்கத்தான் போனேன். ஓடைக்கரை வேம்பில் குழை இருக்கிறது. உனக்குக் கண் தெரியாவிட்டால் மரம் என்ன செய்யும்?

விதைத்துவிட்டேன்.

கொண்டல் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மேகத்தைப் பார்த்துத் தம்பி சொன்னதையும் எழுதியிருந்தாய். அவன் சொல்லாமல் பானையைத் தொடக்கூடாது என்றான். சொல்லிவிட்டான். தொட்டுவிட்டேன். முந்தாநாள் ஜெயபாண்டி டிராக்டரைக் கொண்டுவந்தான். புழுதியில் அவன் முன்னால் உழ, நான் பின்னால் விதை போட்டேன்.

ஜெயபாண்டி வண்டியை நிறுத்திவிட்டு வாயை அசைத்தான். எனக்குக் காது இல்லை என்றாலும் ஊர்க்காரன் வாய் தெரியும். "பெரியம்மா, மேக்காத்து இன்னும் மண்ண வாரிட்டுப் போவுது. ஊருல ஒருத்தரும் பானைய இறக்கல. இப்பவா?" என்றான். "கொச்சியில இருந்து உத்தரவு வந்திருக்கு, நீ ஓட்டு" என்றேன்.

பானையில் ஒரு மணி மிச்சம் வைக்கவில்லை. விளைந்தால் என் தம்பி சொல்லுக்கு விளைந்தது. விளையாவிட்டாலும் அவன் சொல்லுக்குத்தான். இனி என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

மருமகளை வாயை மூட வைத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அது ஒரு பெருமையா?

உன் கடிதத்தில் ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "மழைச் சத்தம்" என்பது வரை தெரிகிறது. ஏன் அடித்தாய்? எனக்குக் கேட்காதே, வருத்தப்படுவாளே என்றா? எழுது. எனக்கு அது எப்படி இருக்கும் என்பது மறந்துபோய்விட்டது.

ஆடுகள் சுகம்.

சுந்தரம்மாள்


கொச்சி,
புரட்டாசி 1.

மதினிக்கு,

இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை வாசித்தேன். நான் மழையைப் பார்த்த சந்தோஷத்தில் எழுதினேன். உத்தரவாக எழுதவில்லை. அவரும் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. என்றாலும், கொண்டல்தான் எழும்பிவிட்டதே, ரெண்டு நாள் முன்னே பின்னே நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கடிதத்தை அவரிடம் காட்டாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

நேற்று சாயங்காலம் மழை விட்டது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வானம் வெளுத்தது. "ஆச்சி, பீச்சுக்குப் போலாம்" என்று தர்ஷினி கையைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் போனோம். கடற்கரையில் நிற்கிறோம். மேகம் ஓரத்தில் கிழிந்தது. கிழிந்த இடத்தில் சூரியன் வந்தது.

மதினி, அது கடலுக்கு மேலே நின்றது. கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நாம் தூத்துக்குடிக் கடலில் சூரியன் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். திருச்செந்தூரில் பார்த்திருக்கிறோம். கடல் என்றால் சூரியன் வெளியே வருகிற இடம் என்றுதான் நான் பிறந்ததிலிருந்து நினைத்திருந்தேன். இங்கே அதே கடல் வாயைத் திறந்து சூரியனை முழுங்குகிறது. முதலில் அடி தட்டையானது. பிறகு பாதி. தண்ணீர் முழுக்கச் செம்பை உருக்கிக் கொட்டியது போல இருந்தது. சுற்றி நின்ற ஆயிரம் பேரில் பாதிப் பேர் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கும்பிட்டுவிட்டேன். கும்பிட்ட கையை இறக்கவில்லை. உங்கள் தம்பியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கடைசியில் ஒரு நகம் அளவு மிச்சம் இருந்தது. அதுவும் போனது.

அப்போதுதான் எனக்குத் தலையில் உறைத்தது. சூரியன் விழுகிற பக்கம் மேற்கு. அப்படியென்றால் கடல் இங்கே மேற்கில் இருக்கிறது. கடலிலிருந்து வருகிற காற்று கொண்டல் இல்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னட்டி, தலை சுத்துதா?" என்று குனிந்தார். "ஏங்க, இது மேக்காத்தா?" என்று கேட்டேன். "பின்ன? இந்தப் பக்கத்துல கடல் மேக்கதான். பஸ் ஓட்டுனவனுக்குத் திசை தெரியாதா?" என்றார். "அப்ப நான் விளக்கத் திருப்பி வச்சப்ப ஏன் சொல்லல?" என்றேன். "விளக்கு உன் டிப்பார்ட்மெண்டு" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அக்கா விதைச்சிட்டாளா?"

"பானையில ஒரு மணி மிச்சம் இல்லியாம்."

"நான் சொல்லலியே."

"நான் எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடலைப் பார்த்தபடி சொன்னார்: "இது நம்ம ஊருல புழுதிய வாரிக் கண்ணுல அடிக்குத அதே காத்துதாட்டி. வேற இல்ல. தண்ணி எல்லாத்தையும் இங்கன இறக்கி வச்சிட்டு, மலை ஏறித் தாண்டி வெறுங்கையோட நம்மகிட்ட வருது. இத்தன வருசம் அதப் போயி வஞ்சிருக்கேன் பாரு. அது என்ன செய்யும்?"

பிறகு உடனே ரயிலுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார். இசக்கிராஜா தடுத்தான். "எப்பா, நீங்க போயி என்ன செய்யப் போறீங்க? விதையத் திருப்பிப் பொறுக்கவா?" என்றான். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். துணி எதுவும் வைக்கவில்லை. பெட்டி இன்னும் திறந்தபடி கிடக்கிறது.

விளக்கைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். பானு பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நம் விதைக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். என்னைப் போல ஒருத்தி எழுதியதை நம்பினீர்களே மதினி. மழைச் சத்தத்தைப் பற்றி எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

வெள்ளைத்தாய்


நாச்சியார்பட்டி,
புரட்டாசி 9.

வெள்ளைத்தாய்க்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன். யோகலட்சுமி பயந்துபோய் ஓடிவந்தாள். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று ரெண்டாவது படித்த நான் நினைக்கலாம். நீ ஐந்தாவது.

சிரித்து முடித்ததும் யோசித்தேன். உண்மையை எழுதுகிறேன். உன் காற்றை நம்பி நான் விதைக்கவில்லை. இங்கே மேல்காற்று என் முந்தானையைக் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது. ஜெயபாண்டி சொன்னதும் சரி என்று தெரியும். இருந்தும் விதைத்தேன். சொல்லாமல் தொடாதே என்றானே, அந்தச் சொல்லை அவன் தலையிலேயே கட்ட வேண்டும் என்று விதைத்தேன். நீ எழுதிய ஒரு வார்த்தை எனக்குச் சாக்கு. கோபத்தில் விதைத்தது முளைக்குமா என்று இப்போது ஒவ்வொரு நாளும் புஞ்சைக்குப் போய் நிற்கிறேன்.

ஊரில் நம் புஞ்சைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கொச்சிப் புஞ்சை. "கொச்சிப் புஞ்சைக்குத் தண்ணி ரயில்ல வருதா, லாரியில வருதா?" என்று டீக்கடையில் கேட்கிறார்களாம். என் காது கேட்காததில் ஒரு நன்மை.

வடக்கு ஓரத்தில் எறும்பு சாரி பிடித்துவிட்டது. ஆளுக்கு ஒரு மணியாகத் தூக்கிக்கொண்டு போகிறது. சாம்பல் போட்டேன். சுற்றிக்கொண்டு போகிறது.

நேற்று வடகிழக்கே கறுத்தது. ஊரே சந்தோஷப்பட்டது, எனக்குப் பயம். பெய்தால் நன்றாகப் பெய்ய வேண்டும். சும்மா நனைத்துவிட்டுப் போனால் விதை எழும்பி, வேர் விட ஈரம் இல்லாமல் கருகிவிடும். முழுசாகப் பெய், இல்லையென்றால் ஒரு சொட்டும் வேண்டாம், போய்விடு என்று கையை ஆட்டி விரட்டினேன். புழுதியில் அங்கங்கே புள்ளி வைத்துவிட்டுப் போனது. குனிந்து விரலால் கிளறி ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். பல்லில் நறுக்கென்றது. ஊறவில்லை. பிழைத்தது.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொல். தம்பி வந்து வானத்தையா இழுத்துக் கொண்டுவரப் போகிறான்? பேத்தியோடு இருக்கட்டும். மழையை அவன் பார்க்கட்டும். எனக்கும் சேர்த்துப் பார்க்கட்டும்.

மழைச் சத்தம் எழுது என்று கேட்டிருந்தேன். விதையைப் பற்றி அழுதுவிட்டு அதை விட்டுவிட்டாய்.

சுந்தரம்மாள்


கொச்சி,
புரட்டாசி 17.

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை மறைக்கவில்லை. அவர் கையில் கொடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து வாசித்தார். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் சோறு போடும்போது, "இனிமே நான் சொல்ல மாட்டேன்னு எழுது" என்றார். எதைச் சொல்ல மாட்டீங்க என்றேன். "அக்காவுக்குத் தெரியும். அவ்வளவுதான் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இங்கே நாட்கள் ஒரு வாக்கில் ஓடுகின்றன. காலையில் தர்ஷினியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, அவரும் நானும் ஒரே குடையில் பால் வாங்கப் போகிறோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு குடையில் நடந்ததில்லை. நம் ஊரில் அதற்கு ஏது வேலை? அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். அவர் வலது தோள் முழுக்க நனைந்துவிடுகிறது. சொன்னால் கேட்பதில்லை. துவைத்த துணி காய்வதில்லை. பானு பாவாடையைக்கூட இஸ்திரி போட்டுக் காயவைக்கிறாள். நானும் அவளும் இப்போது பேசிச் சிரிக்கிறோம். "அத்தே, மேக்க எங்க இருக்கு?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள். எனக்கு அது வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான சேதி. காற்று திரும்பிவிட்டது. இந்தத் தடவை நான் தனியாகச் சொல்லவில்லை. உங்கள் தம்பி பார்த்தார், இசக்கிராஜா பார்த்தான், விளக்கு பார்க்கிற திசையை வைத்து நானும் சரிபார்த்தேன். காலையில் நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேலே கடலுக்கு எதிர்ப் பக்கத்தில், மலை இருக்கும் பக்கத்தில், கருமேகம் எழும்புகிறது. அதாவது கிழக்கில். அதாவது உங்கள் பக்கத்திலிருந்து. மலையைவிட உயரமாக ஏறி நிற்கிறது. பிறகு இடி. ஆவணியில் பெய்த மழை அலுங்காமல் பெய்தது. இது அப்படி இல்லை. சன்னல் கண்ணாடி உதறுகிறது, தர்ஷினி வந்து மடியில் புதைந்துகொள்கிறாள். "நம்ம பக்கத்துல இருந்து புறப்பட்டு வந்திருக்கு. வார வழியில அங்கன கொஞ்சம் எறக்கி வச்சிட்டுத்தானே வந்திருக்கும்?" என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இனிமேல் சொல்ல மாட்டேன் என்றாரே, அதை இப்போதே ஆரம்பித்துவிட்டார். ஆனால் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, விழுந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்.

மழைச் சத்தம். நானாக எழுதினால் மறுபடியும் தப்பாகிவிடும் என்று எல்லாரிடமும் கேட்டேன். "அத்தைக்கு எழுதணும், சரியாச் சொல்லுங்க" என்றேன்.

இசக்கிராஜா கப்பல் பட்டறைக்காரன். "வெல்டிங் பொறி தகரத்துல விழுமே, அது மாதிரிம்மா" என்றான். பானு புதியம்புத்தூர்ப் பிள்ளை, தையல் ஆபீஸ் சத்தத்தில் வளர்ந்தவள். "நாப்பது மிஷினும் ஒரே நேரத்துல ஓடும் பாருங்க, ஒண்ணு நிக்கும், ஒண்ணு ஓடும், ஆனா மொத்தத்துல நிக்கவே நிக்காது. அதுதான் அத்தே" என்றாள். உங்கள் தம்பிக்குப் பஸ்தான். "ஆளே ஏறாத பஸ்ஸ சரள் ரோட்டுல ஓட்டுத மாதிரி" என்றார். தர்ஷினி மட்டும், "மழை மழை மாதிரிதான் ஆச்சி இருக்கும்" என்றாள். அவளுக்கு இதைவிட்டால் வேறு எதுவும் தெரியாது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒன்று பட்டது. களத்தில் உளுந்தைத் தூற்றி, முறத்தில் அள்ளித் தகர டப்பாவில் கொட்டுவோமே. முதலில் அடித் தகரத்தில் தனித்தனியாக விழும். டப், டப் என்று. பிறகு சேர்ந்து விழும். பிறகு உளுந்து மேல் உளுந்து விழும்போது சத்தம் அடங்கி, கனத்துப்போய், நிறைகிற சத்தமாக ஆகிவிடும். மழை அதுதான் மதினி. ஆரம்பத்தில் விழுகிற சத்தம், போகப்போக நிறைகிற சத்தம். களத்தில் நீங்கள் டப்பாவைக் காலால் அணைத்துப் பிடித்திருப்பீர்கள். காலில் அது தெரிந்திருக்கும்.

இது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஆனால் வெறும் பெட்டி இல்லை. துணியை வைத்துவிட்டார்.

வெள்ளைத்தாய்


நாச்சியார்பட்டி,
புரட்டாசி 26.

வெள்ளைத்தாய்க்கு,

போன வாரம் ஒரு நாள் விளக்கேற்ற உட்கார்ந்தேன். முதல் குச்சி உரசினேன், பிடிக்கவில்லை. ரெண்டாவது உரசினேன், மருந்து உதிர்ந்தது. மூன்றாவதும் அப்படியே. வைகாசியிலிருந்து ஒரு குச்சிக்கு மேல் உரசியது கிடையாது. பெட்டியை மூக்கில் வைத்துப் பார்த்தேன். நமத்திருந்தது. நீ எழுதினாயே, அந்த மாதிரி.

எழுந்து வெளியே வந்தேன். ஆடுகள் எல்லாம் தொழுவத்தின் மேற்குச் சுவரோடு ஒண்டி நின்றன. காற்று என் முந்தானையை மேற்கே இழுத்தது. கிழக்கே பார்த்தேன். தூத்துக்குடிக் கடல் அப்படியே எழுந்து நடந்து வருகிற மாதிரி ஒரு கறுப்பு. நடுவில் மின்னல் கோடு கோடாக. இடி இடித்திருக்கும். யோகலட்சுமி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இந்த வயதுக்கு நான் பார்க்காத மழை இல்லை. ஆனாலும் இந்த மழைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். முதலில் புழுதி ஒரு முழ உயரம் எழும்பியது. பிறகு புழுதி விழுந்தது. பிறகு ஓடைக்கரை வேம்பு மறைந்தது. ஊரில் ஒருத்தரும் வீட்டுக்குள் இல்லை. ஜெயபாண்டி டிராக்டரில் நின்றபடி நனைந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி என்னவோ கத்தினான். வாயைப் பார்த்தேன். "கொச்சி மழை வந்துட்டு பெரியம்மா!" என்றான்.

நான் தொழுவத்துக்குள் போய், தகரக் கூரையின் சாய்ப்பில் உள்ளங்கையை வைத்தேன். முதலில் தனித்தனியாகக் கையில் குத்தியது. பிறகு சேர்ந்து. பிறகு அடங்கி, கனத்துப்போய் நிறைந்தது. நீ எழுதியது சரி. உளுந்துதான். ஆனால் முறம் இல்லை. மூட்டை மூட்டையாக. கை மரத்துப்போகும் வரைக்கும் எடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து மழையைக் கேட்டேன்.

மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். ரெண்டு உழவுக்கு மேலே.

இன்று காலையில் புஞ்சைக்குப் போனேன். முளைத்துவிட்டது. வடக்கு ஓரம் எறும்பு தின்ற இடம் வழுக்கையாக இருக்கிறது. அது அதன் பங்கு. மற்ற இடமெல்லாம் கறுப்பு மண்ணில் பச்சைப் பொட்டு. பானையை நிரப்ப அது போதும். கோபம் எனக்குத்தான் இருந்தது போல, விதைக்கு இல்லை.

இனிமேல் சொல்ல மாட்டேன் என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தாய். அவனிடம் சொல்: சொல்லட்டும். யாராவது ஒருத்தர் சொன்னால்தானே நான் மறுத்துப் பேச முடியும்?

முதல் மழையை விட்டுவிட்டு ரெண்டாவது மழையில் ரெண்டு குடம் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். பருப்பு இன்னும் வைக்கவில்லை. பானுவையும் பேத்தியையும் லீவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை குழை ஒடிக்கப் போக மாட்டேன்.

காலை வெயிலுக்கு முளை எல்லாம் ரெண்டு இலையையும் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. கிழக்கு எது என்று உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்.

சுந்தரம்மாள்